மணிக்கு இருபது மைல்

செல்வமேரிக்கு வலது முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிப் போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. அவள் அதைப் பார்க்காமல், கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்த துப்பறியும் சவரிராயனைப் பார்த்தே பேசினாள்.

"பிடிச்சு வச்சிருக்காங்களே, டிரைவர் காத்தான், அவரு என் மேல வண்டியை ஏத்தலைங்க. அதைச் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன்."

"எப்படித் தெரியும்?"

"வண்டி என்னை அடிச்சுப் போட்டுட்டு நின்னுது. ரொம்ப நேரம் கழிச்சு, பின்னாடி திருவெள்ளறைப் பக்கத்துலேருந்து ஒருத்தர் ஓடி வந்தாரு. கையில தகர டின்னு. தலைத்துண்டை அவுத்து என் காலைக் கட்டினாரு. அவருதான் காத்தான். ஓட்டினவரு எப்படிங்க பின்னாடிலேருந்து ஓடி வருவாரு?"

"ஓட்டினது யாருன்னு பார்த்தீங்களா?"

"இல்லைங்க. வண்டிக்கு முன்னால ஒரே ஆவி. இட்லிக் கொப்பரையைத் தொறந்தா வருமே, அப்படி. நான் செவப்புக் கொடியை ஆட்டிக்கிட்டேதான் இருந்தேன். ஆவிக்குள்ள யாரு இருந்தாங்கன்னு தெரியலை."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"வந்தாங்க. மயக்கத்துல உளறுறேன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. மறுபடி யாரும் வரலை."

சவரிராயன் இருபது வருஷம் போலீசில் இருந்துவிட்டு, மேலதிகாரி ஒருவர் முகத்தில் ஃபைலை எறிந்துவிட்டு வெளியே வந்தவர். இப்போது மேலப்புதூரில் சொந்தமாகப் போர்டு மாட்டியிருக்கிறார். கோபம் ஏற ஏற அவருடைய குரல் தணிந்துகொண்டே போகும். இப்போது அது அநேகமாகக் கேட்கவே இல்லை.

"இன்னிக்கு மூணு மணிக்குக் கேஸ். அதுக்குள்ள பார்த்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வராந்தாவில் காத்திருந்த தேசிகன் அவருடைய முகத்தைப் பார்த்ததும் குடையை மடக்கினார். தேசிகன் ஸ்ரீரங்கத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தபோது தலைமையாசிரியரைக் கரும்பலகையில் உள்ளது உள்ளபடி வரைந்து வேலையை இழந்தவர். அன்றுமுதல் சவரிராயனின் உதவியாளர்.

"சார், உங்க முகத்துல இப்போ ஒரு கரண்டி மாவை ஊத்தினா தோசை வெந்துடும். என்ன ஆச்சு?"

"கொடி பிடிச்சு நின்ன பொம்பளையோட கால் போயிருக்கு. நடந்தது என்னன்னு அவங்களை ஒருத்தனும் கேக்கலை. நடங்க."

விஷயம் இதுதான். ஸ்ரீரங்கத்தில் சாரங்கபாணி என்று ஒரு பெரிய மனிதர். கௌரவ பெஞ்சு மாஜிஸ்திரேட்; சம்பளமில்லாமல் சின்னக் கேஸ்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர். மோட்டார்ப் பித்து உள்ளவர். லாரி ஒன்றின் அடிச்சட்டத்தின்மேல் மரத்தால் ஒரு வீட்டையே கட்டி வைத்திருந்தார். இரண்டு கட்டில், சமையல் மேடை, கை கழுவத் தொட்டி, ஜன்னலுக்குத் திரை எல்லாம் உண்டு. ஜில்லாவிலேயே அப்படி ஒரு வண்டிதான். ஜனங்கள் அதற்கு 'வீட்டு மோட்டார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை அதில் திருவெள்ளறைக்குப் பெருமாளைச் சேவிக்கப் போனவர் நடுப்பகலில் திரும்பும்போது, கோயிலிலிருந்து ஒன்றரை மைல் தூரத்தில், சரளை போட்டுக்கொண்டிருந்த ரோட்டில் வண்டிகளை நிறுத்தக் கொடி பிடித்து நின்ற செல்வமேரியின்மேல் வண்டி ஏறிவிட்டது. மற்றக் கூலியாட்கள் தோப்புக்குள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. காத்தான் கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு கைநாட்டும் வைத்துவிட்டான்.

*

போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் வீட்டு மோட்டார் நின்றது. பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில், 'அதிகபட்ச வேகம் மணிக்கு 20 மைல்'.

"நாப்பத்தஞ்சுல வந்திருக்கான் சார்," என்றார் ஸ்டேஷன் ரைட்டர். "பெஞ்சு மாஜிஸ்திரேட் எஜமான் பின்னால படுத்துத் தூங்கிட்டிருந்தாராம். அவர் தூங்கறாருன்னு தெரிஞ்சுதான் இவன் விரட்டியிருக்கான்."

"லாரிச் சட்டத்துல, மர வீட்டுக்குள்ள, சரளை ரோட்டுல, நாப்பத்தஞ்சு மைல் வேகத்துல தூங்கினாரா?" என்றார் தேசிகன். "நேக்கு மெத்தையில படுத்தாலே தூக்கம் வரதில்லை. கொடுத்து வச்சவர்."

சவரிராயன் அதற்குள் வண்டியின் முன்பக்கம் போயிருந்தார். கண்ணாடி முழுவதும் பழுப்புப் பொட்டுகள். விரல் நகத்தால் ஒன்றைச் சுரண்டி முகர்ந்தார். துருத்தண்ணீர் காய்ந்த கறை. ரேடியேட்டரின் வாய் திறந்து கிடந்தது.

"மூடி எங்கே?"

"மோதினதுல தெறிச்சிருக்கும் சார்."

சவரிராயன் விரலை உள்ளே விட்டுத் தடவினார். மூடி திருகும் மரை கொஞ்சமும் சிதையாமல், கூர்மையாக இருந்தது. மோதித் தெறித்த மரை இப்படி இருக்காது. அடிபட்ட மட்கார்டும் இடது பக்கம், ரேடியேட்டருக்கு எட்டாத தூரத்தில். அவர் ஒன்றும் பேசாமல் பானெட்டைத் தூக்கினார். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் அளவுக் கோட்டில், சுத்தமாக நின்றது. ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். இழுப்பு சரியாக இருந்தது.

"தேசிகன், இங்கே வாங்க. இது உங்க வித்தை."

பானெட்டின் உட்புறத் தகட்டில் சாக்குக் கட்டியால் ஐந்து சின்னப் படங்கள். குடம், சொட்டு, வளையம், சக்கரம், பாதம். ஒவ்வொன்றுக்கும் கீழே வரிசையாகக் கோடுகள்.

தேசிகன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "குடம்னா தண்ணி. சொட்டு ஆயில். வளையம் பெல்ட். சக்கரம் டயர். பாதம்..."

"பிரேக்."

"எழுதத் தெரியாதவன் போட்ட கணக்கு சார் இது. பார்க்கப் பார்க்க ஒரு கோடு. ஒரு நாள்கூட விட்டுப்போகலை. திங்கட்கிழமைக்கும் அஞ்சு கோடு இருக்கு. என் மாணாக்கன் எவனும் இவ்வளவு ஒழுங்கா எதையும் போட்டதில்லை."

சவரிராயன் நிமிர்ந்து ரைட்டரைப் பார்த்தார். "அவன்கிட்ட இருந்த சாமான் பட்டியலைக் காட்டுங்க."

ரைட்டர் வேண்டாவெறுப்பாகப் படித்தார். "சாக்குக் கட்டி ஒண்ணு. பீடி மூணு. பித்தளை மூடி ஒண்ணு. சட்டைப் பையில இருந்துது. ஏதோ பாத்திரத்து மூடி, திருட்டுச் சொத்துன்னு சந்தேகம்."

"கொண்டு வாங்க."

மூடி ரைட்டரின் மேஜையில் காகிதங்களின்மேல் பாரமாக உட்கார்ந்திருந்தது. சவரிராயன் அதை வாங்கி ரேடியேட்டர் வாயில் வைத்துத் திருகினார். மூன்று சுற்று. கச்சிதமாக உட்கார்ந்தது.

ரைட்டர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"நல்ல பாத்திரம்," என்றார் தேசிகன். "ஆனா இதுல ரசம் வைக்க முடியாது."

"மூடியைப் பையில போட்டுக்கிட்டே ஓட்டியிருக்கலாமே," என்றார் ரைட்டர்.

"தினம் அஞ்சு கோடு போடறவன், மூடாம ஓட்டுவானா?" சவரிராயனின் குரல் தணிந்தது. "மூணு நாளா இது உங்க மேஜை மேல இருக்கு. இந்த வண்டி உங்க வாசல்ல நிக்குது. நடுவுல இருபது அடி. நடந்து வந்து பார்க்க உங்களுக்கு முடியலை."

ரைட்டர் காதுவரை சிவந்தார்.

இதற்குள் தேசிகன் வண்டிக்குப் பின்னால் ஏறிச் சமையல் மேடையைக் குடைந்துவிட்டு இறங்கினார். "காபி கிடைக்குமான்னு பார்த்தேன். பாழாப்போன ஸ்டவ், கடையில கட்டின சீட்டுகூட அவுக்கலை. திரி அத்தனையும் மல்லிகைப்பூ மாதிரி வெளுப்பா இருக்கு. வாங்கினதுலேருந்து ஒருநாள்கூட ஏத்தினதில்லை."

அது அப்போது சவரிராயனுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

*

அரை மணி நேரத்திற்குப் பிறகு வடக்கு உத்திர வீதியில் அது பொருட்டாயிற்று. சாரங்கபாணி அவர்களை மரியாதையாகவே வரவேற்றார். பன்னிரண்டு திருமண் பளிச்சென்றிருந்தது. வலது கையில் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை கட்டு.

"வாங்கோ. பெருமாள் கிருபை, அடியேனுக்குப் பெரிசா ஒண்ணும் ஆகலை. பின்னால சயனிச்சிண்டிருந்தேன். முழிச்சுப் பார்த்தா வண்டி நின்னிண்டிருக்கு, அந்தப் பொம்மனாட்டி கீழே கிடக்கறா. அவ பேரென்ன?"

"செல்வமேரி," என்றார் சவரிராயன்.

"ஆமாம், ஏதோ மேரி. ரோட்டுக்கு நடுவிலே போய் நிக்கலாமோ?"

"கொடி பிடிக்கிறவங்க ரோட்டுலதான் நிக்கணும்."

"இருக்கட்டும். ஆனா இந்த டிரைவர்களுக்கு எத்தனை சொன்னாலும் உறைக்கறதில்லை. அடியேன் பெஞ்சிலே உட்கார்ந்து எத்தனை பேரைத் தண்டிச்சாச்சு. கடைசியிலே நம்ம ஆளே இப்படி."

"கையில என்ன?"

"இதுவா, ஸ்டவ். திருவெள்ளறையிலே சேவிச்சுட்டு வந்து வண்டியிலே காபி கலந்துக்கலாம்னு ஏத்தினேன். குப்புனு பிடிச்சுடுத்து."

தேசிகன் மேலே உத்தரத்தைப் பார்த்தார். "வண்டியில இருக்கற அதே ஸ்டவ்தானே மாமா? நன்னா எரியறதோ? எங்காத்துலயும் ஒண்ணு வாங்கணும்."

"பேஷா எரியறது. சீமைச் சரக்காக்கும்."

வெளியே வந்ததும் தேசிகன் சிரிக்கவில்லை. "சார், ஏத்தாத ஸ்டவ்ல கை வேகுமோ? கொதிக்கிற ரேடியேட்டர் வாயைத் துணியால அமுக்கப் பார்த்திருக்கார். அந்தக் கைதான் ஸ்டியரிங்கையும் பிடிச்சிருக்கு. இனி காத்தான் வாயைத் திறந்தா போதும்."

"திறப்பான்," என்றார் சவரிராயன்.

அவர் நினைத்தது தப்பாகப் போயிற்று.

*

சப்-ஜெயிலில் காத்தான் கம்பிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதிருக்கும். பச்சைமலைக்காரன். மலையில் மரவள்ளி போட்டுக்கொண்டிருந்த குடும்பம். கீழே வந்து லாரி கிளீனராகச் சேர்ந்து, டிரைவரானவன்.

"மூடி உன் பையில இருந்துது. சாரங்கபாணி கை வெந்துருக்கு. ஓட்டினது அவர்தான்," என்றார் சவரிராயன். "அதை மட்டும் நீ சொல்லு."

"சொல்ல மாட்டேங்க."

"ஏன்?"

"தப்பு என்னுதுங்க, ஐயா." காத்தான் தரையைப் பார்த்தான். "கோயில் வாசல்ல பார்த்தா தண்ணி துருவாப் போயிருந்துது. அடிக் குழாயைத் திறந்து எறக்கிட்டு, ஒரு டின்னு ஊத்தினேன். இன்னும் ரெண்டு டின்னு வேணும். மூடியைப் பையில போட்டுக்கிட்டு படி எறங்கற நடை கிணத்துக்குப் போனேன். திரும்பி வந்தா வண்டி போவுது. சாமி, சாமின்னு கத்திக்கிட்டே ஓடினேன். ஒரு டின்னு தண்ணி எம்மாந்தூரம் தாங்கும்? கொதிச்சு மேல வந்திருக்கு. மூடி இருந்திருந்தா கண்ணாடில அடிச்சிருக்காது. அந்தம்மா கொடி தெரிஞ்சிருக்கும். மூடி என் பையிலல்ல இருந்துது."

"அப்படின்னு யார் சொன்னது?"

"எஜமான் சாமிதான். ஸ்டேஷனுக்கு வந்து சொன்னாரு. 'வண்டிக்கு நீதான் பொறுப்பு, கால் போனது உன்னாலதான்'னாரு. நெசந்தானுங்களே. கைநாட்டு வைன்னாங்க, வச்சேன்."

சவரிராயன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷப் போலீஸ் வேலையில் எத்தனையோ பொய்யைக் கேட்டிருக்கிறார். ஒரு நேர்மையான மனிதனின் மனச்சாட்சியைத் திருடி, அதையே அவன் கையில் விலங்காக மாட்டிய பொய்யை அவர் கேட்டதில்லை. பேச முயன்றார். குரல் வரவில்லை.

தேசிகன்தான் கேட்டார். "காத்தான், நீ கைநாட்டு வச்சதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டினாளா?"

"இல்லைங்க. வண்டி என் பொறுப்புன்னு எழுதியிருக்கும்."

காத்தானுக்காக வாதாட ஏற்பாடு செய்திருந்த வக்கீலிடமிருந்து வாங்கி வந்த வாக்குமூல நகலை தேசிகன் மடிப்புப் பிரித்தார். வழக்கமான கிண்டல் எதுவும் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"'மேற்படி வண்டிக்கு இருபது மைல்தான் உத்தரவு என்று எனக்குத் தெரியும். எஜமான் தூங்கிய சமயம் பார்த்து நாற்பத்தைந்து மைல் வேகத்தில் ஓட்டினேன். புறப்படும் முன் தண்ணீர், ஆயில், பிரேக் இவைகளைப் பார்ப்பது என் வழக்கமில்லை. ஒருநாளும் பார்த்ததில்லை. குடித்திருந்தேன்.'"

காத்தான் மெதுவாக எழுந்து நின்றான். உயரமான ஆள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"குடிச்சேன்னு எழுதிக்கட்டும், ஐயா. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு படிச்சீங்களே, அதை மறுபடி படிங்க."

"'பார்ப்பது என் வழக்கமில்லை. ஒருநாளும் பார்த்ததில்லை.'"

"பதினோரு வருஷமுங்க." கைநாட்டு வைத்த கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். "விடியறப்போ கோழிக்கு முன்னாடி நான் பானெட்டைத் திறப்பேன். எம்பொண்ணு செத்த அன்னிக்குக்கூடப் பார்த்துட்டுத்தான் மலைக்குப் போனேன். ஒருநாளும் பார்த்ததில்லைன்னு என் விரலை வச்சு எழுதிக்கிட்டாங்களா?"

"இருபது மைலுக்கு மேல எப்பவாவது ஓட்டியிருக்கியா?" சவரிராயனுக்குக் குரல் திரும்பியிருந்தது.

"எறக்கத்துலகூட இல்லைங்க. மேல வீடு உக்காந்திருக்கு. பிரேக் அடிச்சா நிக்கறதுக்கு அம்பது அடி வேணும். சாமிக்கு அது தெரியாது. தண்ணியும் தெரியாது, பிரேக்கும் தெரியாது. ஹாரன் மட்டும் தெரியும்."

"அதை மூணு மணிக்குச் சொல்லு."

"சொல்றேங்க. சத்தமாவே சொல்றேன்."

*

கோர்ட்டில் கூட்டம் அதிகமில்லை. சாரங்கபாணிக்கு மட்டும் மேடைக்குப் பக்கத்தில் மரியாதையாக நாற்காலி போட்டிருந்தார்கள். காத்தான் கூண்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். குடம், சொட்டு, வளையம், சக்கரம், பாதம் என்று விரல் விட்டுச் சொன்னான். மாஜிஸ்திரேட் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"இவன் சொல்வதற்கு வேறு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்.

"சாரங்கபாணி அவர்கள் கை எப்படிச் சுட்டது என்று பிரமாணத்தின்பேரில் கேட்க வேண்டும்," என்றார் வக்கீல்.

சாரங்கபாணி கூண்டில் ஏறினார். ஸ்டவ் கதையைக் காலையில் சொன்னபடியே, இன்னும் கொஞ்சம் காபி மணத்தோடு சொன்னார். அவர் முடிக்கும்வரை காத்திருந்து, தேசிகன் ஒரு மூட்டையை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். ஸ்டேஷனிலிருந்து ரைட்டரின் கையெழுத்தோடு வாங்கி வந்த ஸ்டவ். கடைச் சீட்டு அதன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மாஜிஸ்திரேட் குனிந்து திரியைப் பார்த்தார். தன் விரலால் தொட்டார். விரலைத் திருப்பிப் பார்த்தார். கரி இல்லை.

"இதில்தான் கை சுட்டதா?"

சாரங்கபாணி கட்டுப் போட்ட கையை அங்கவஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

"திங்கட்கிழமை இரண்டு மணிக்கு இவருக்கு பெஞ்சு இருந்தது," என்றார் வக்கீல். "முதல் கேஸ், ஒரு பஸ் டிரைவர். இருபத்தேழு மைல் வேகத்தில் ஓட்டிய குற்றம்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் சாரங்கபாணியைக் கிளப்பிவிட்டது.

"வேறென்ன பண்ணச் சொல்றேள்? இவன் டின்னைத் தூக்கிண்டு ஆடி அசைஞ்சு வர வரைக்கும் நான் வெயில்ல நின்னிண்டிருக்கணுமா? என் வண்டி, நான் எடுத்தேன். ஒரு கூலிக்காரி வழியிலே நிக்கறாங்கறதுக்காக நேக்குப் பெஞ்சு தப்பணுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தாம் என்ன சொன்னோம் என்பது காதில் விழுந்தது. கையை நீட்டிக் கூண்டின் விளிம்பைப் பிடித்தார். வெந்த கை. வலியில் முகம் கோணியது.

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்து, இந்தத் தடவை எழுதினார்.

காத்தானை அன்று மாலையே விட்டார்கள். சாரங்கபாணியின்மேல் கேஸ் எழுத உத்தரவாயிற்று. ஆனால் இரண்டு பேர் ஜாமீனுக்கு நிற்க, அவர் ஜட்கா ஏறி வீட்டுக்குப் போனார். போகும்போது வாசலில் நின்ற காத்தானைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஜெயிச்சாச்சு சார். ஏன் இன்னும் உர்ருனு இருக்கேள்?" என்றார் தேசிகன்.

"ஒரு தடவையாவது அந்தம்மா பேரை அவர் சொன்னாரா?"

தேசிகன் குடையை மடக்கி, ஆஸ்பத்திரிப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காத்தான் வார்டு வாசலோடு நின்றுவிட்டான். செல்வமேரி தலையணையில் சாய்ந்தபடி அவனைக் கூப்பிட்டாள்.

"உள்ள வாங்க அண்ணே. விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்கம்மா." அவன் போர்வையின் தட்டையான இடத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மூடி என் பையில இருந்துதும்மா."

"மூடி போடாத வண்டியை எடுத்தது நீங்களா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் தலையைத் தொங்கப் போடுறீங்க? அவரு போடட்டும்." அவள் சவரிராயன் பக்கம் திரும்பினாள். "அந்த ஆளு கேஸு என்னிக்கு வருதுங்க?"

"அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி."

"யாரு சாட்சி?"

"காத்தான் இருக்கான். நான் இருக்கேன். டாக்டர் சீட்டு இருக்கு. நீங்க சிரமப்பட வேண்டாம், உடம்பைப் பாருங்க."

"ஒடம்புக்கு என்னங்க, பார்க்க வேண்டியதை வெட்டி எடுத்தாச்சு." செல்வமேரி இரண்டு கையையும் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வலியில் உதட்டைக் கடித்தாளே தவிரச் சாயவில்லை. "என் காலைப் பத்தி ஆளாளுக்குப் பேசியாச்சு. பன்னெண்டாம் தேதி நான் பேசறேன். நடக்க முடியலைன்னா இந்தக் கட்டிலோட தூக்கிட்டுப் போய் அந்த ஆளு நாற்காலிக்கு எதுத்தாப்புல போடுங்க."

காத்தான் குனிந்து கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தான்.

"நாலு பேர் போதும்," என்றான்.